பாண்காரரின் பீத்தோவன்

பின்னேரமானால் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்குள் பீத்தோவன் வந்துவிடுவார். பாண் ஆட்டோக்கள் போட்டுக்கொண்டு திரிகிற அந்த மெட்டு 1810இல் அவர் எழுதிய 'ஃபியூர் எலிசே'. அவர் இருந்தவரை அது அச்சேறவில்லை. இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1867இல்தான் வெளிவந்தது. காது கேளாமல் போய்க்கொண்டிருந்த மனிதரின் மெட்டு, காதுள்ள எவரையும் இன்று விடுவதாயில்லை. அதுவும் தொடக்கத் துண்டு மட்டும், திரும்பத் திரும்ப.

எரிச்சல்தான். ஆனாலும் பாண்காரரை மன்னித்துவிடலாம். படலையில் நின்று ஒருவர் கைகாட்டினால் ஆட்டோ நிற்கும், றோஸ் பாணும் கிம்புலா பணிஸும் கைமாறும், சத்தம் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும்.

கோயில் ஒலிபெருக்கி அப்படிப் போகாது. திருவிழா என்றால் தென்னையில் கட்டிய குழாய் பூசைக்கு முன்னரே பாடத் தொடங்கிவிடும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை பஞ்சைத் தேடும். வாய் திறந்தால், "சாமிக் காரியத்துக்கு எதிராகக் கதைக்கிறீரோ?" தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனங்கள் நாங்கள். அன்று ஒரு செய்தி கேட்கவே கால் உளைய மிதிக்கவேண்டும். இப்போது சுவிட்சைத் தட்டிவிட்டு, தட்டியவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்.

நிர்வாக சபைகளிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குழாயைக் கோயில் வீதிப் பக்கமாகத் திருப்பிக் கட்டுங்கள். பாட்டு கும்பிட வந்தவர்களுக்குத்தானே?