கார்வெட்டும் ஏற்காடு இறக்கமும்



போன வாரம் நம் எட்டாம் வகுப்புக் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "சார், அமெரிக்காவுல உங்க பையன் கார்வெட் வச்சிருக்காராமே, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" கேலியாகத்தான் கேட்டான், தெரியும். அதற்குக் கீழே இன்னொருவன், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது காரை நியூட்ரலில் போட்டு இன்ஜினை அணைத்துவிடுவதாக எழுதி, "எல்லாம் சார் சொல்லிக் குடுத்த டெக்னிக்" என்று சேர்த்திருந்தான். அதற்குப் பன்னிரண்டு பேர் கைதட்டியிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

மகன் அந்தக் காரை வாங்கியபோது நான் இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. 1999ஆம் ஆண்டு மாடல், பழைய வண்டி, இரண்டே இருக்கை. இன்ஜின் 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர். நம் ஊர்ச் சின்னக் கார்கள் ஐந்தின் இன்ஜினை ஒன்றாகச் சேர்த்தால்கூட அந்த அளவு வராது. "இது காரா, பெட்ரோல் பங்கின் தத்துப்பிள்ளையா?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "அப்பா, நீங்களே அளந்து பாருங்க" என்றான்.

அளந்தேன். கொலம்பஸிலிருந்து சின்சினாட்டி 107 மைல், நம் கணக்கில் 172 கிலோமீட்டர். டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியாக்கிக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிரப்பி, எத்தனை கேலன் பிடித்தது என்று ரசீதின் பின்புறம் எழுதினேன். போகும்போது மகன் அவசரப்பட்டான். 80 மைல் வேகம், முந்துவது, பிரேக், மறுபடி மிதிப்பது. லிட்டருக்கு 9.7 கிலோமீட்டர்தான் வந்தது. திரும்பும்போது, "65ஐத் தாண்டாதே, முன்னால் போகிற வண்டியை ஒட்டாதே" என்று பக்கத்தில் உட்கார்ந்து நச்சரித்தேன். 12.3 கிடைத்தது. அதே கார், அதே சாலை, அதே மனிதன். எனக்கே வியப்பாக இருந்தது. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கேலன். அதற்கு நாங்கள் கொடுத்த விலை 19 நிமிடம்.

அவ்வளவு பெரிய இன்ஜின் எப்படி இதைக் கொடுக்கிறது? அந்த வண்டிக்கு ஆறு கியர். ஆறாவதில் போட்டால் மணிக்கு 70 மைல் வேகத்திலும் இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றுதான் சுற்றுகிறது. நம் சின்னக் கார் அந்த வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும். உடல் தாழ்வாக, வழவழப்பாக இருப்பதால் காற்று அதிகம் தடுப்பதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. உயரமான பெட்டி போன்ற வண்டியை 120இல் விரட்டிவிட்டு, "கம்பெனி சொன்ன மைலேஜ் வரலையே" என்று புலம்புகிறவர்கள் நம் உறவிலேயே இரண்டு பேர் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை.

இன்னொரு வேடிக்கை. மெதுவாக மிதித்துக் கிளம்பினால் அந்தக் கார் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போக விடாது. நேராக நான்காவதுக்குத் தள்ளும். எரிபொருள் அதிகம் குடிக்கும் கார்களுக்கு அமெரிக்க அரசு தனி வரி போடுகிறது. அந்த வரம்புக்குள் சிக்காமல் இருக்கக் கம்பெனி செய்த வேலை இது. கார் வைத்திருப்பவர்கள் பலர் எரிச்சல்பட்டு அதை முடக்கிவிடுகிறார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. மெதுவாகப் போகிறவனுக்கு நடுவில் இரண்டு கியர் தேவையில்லை என்று காரே சொல்கிறது!

ஆகவே முதல் தம்பிக்குப் பதில்: வண்டியின் வயிறு பெரிதுதான், ஆனால் குடிப்பதை ஓட்டுகிறவனின் வலது கால் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும், ஏற்கெனவே எரித்த பெட்ரோலைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிறோம். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் இங்கேயே காலை எடுங்கள். டயரில் காற்றை மாதம் ஒருமுறையாவது, வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள்.

இனி இரண்டாவது தம்பி.

நீ சொன்னது பொய்யில்லை. ஏற்காட்டுக்கு மொபெட்டில் போய்வந்த காலத்தில், இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்குவேன். சம்பளம் குறைவு, மாதக் கடைசி. உன்னையும் பின்னால் உட்காரவைத்து அப்படி இறக்கியிருக்கிறேன், வகுப்பில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அன்று அது சாமர்த்தியம் என்று நினைத்தேன். என் மாணவனைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் செய்த மடத்தனம் அது.

உன் கார் மொபெட் இல்லை. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் நின்றுவிடும். இரண்டு மிதியில் இருப்பு தீர்ந்து, பிறகு பெடல் கல்லாக இறுகும். ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவி தவறித் திரும்பிவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளலாம். இன்ஜின் ஓடினாலும், நியூட்ரலில் வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

இத்தனைக்கும் மிச்சம் என்ன? இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால், இன்ஜின் ஓரளவு வேகத்தில் சுற்றும்வரை பெட்ரோல் தெளிப்பதையே கணினி நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்கக் கொஞ்சம் எரித்தாக வேண்டும். அணைத்துவிட்டால் அதுவும் இல்லைதான். ஆனால் கியரில் வந்தாலும் செலவு இல்லையே! சமதளச் சாலையில் நியூட்ரலில் உருட்டினால் சில துளி மிச்சமாகலாம் என்று மகன் வாதாடுகிறான். இருக்கட்டும், மலை இறக்கத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள். என் டெக்னிக்கை மறந்துவிட்டு அதைப் பிடித்துக்கொள்.

இந்த ஞாயிறு குடும்பத்தோடு ஏற்காடு போவதாக எழுதியிருந்தாய். இரண்டாம் கியரில் இறங்கி வா. அடிவாரம் வந்ததும் குழுவில் ஒரு வரி போடு. நான் விழித்திருப்பேன்.