ஆளில்லாத வீடு

“அங்கே என்ன இருக்கிறது? வெறும் மண்ணும் கல்லுந்தானே! குழந்தைகள் ஒரு நாளாவது இஷ்டம்போல் ஓடியாடிவிட்டு வரட்டும்.”

பாலைவனத்துக்குக் குடும்பத்தோடு உல்லாச நடை போகிறவர்கள் சொல்லுகிற சமாதானம் இது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள்! குழந்தைகள் ஓடக்கூடாது என்று எந்தக் கல்நெஞ்சன் சொல்லுவான்? ஆனால் அந்த வாக்கியத்தில் உள்ள ‘வெறும்’ என்ற சொல் இருக்கிறதே, அது பெரிய பொய். அந்தப் பொய்யோடுதான் எனக்கு வழக்கு.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் சிடார் மேசா என்று ஒரு பீடபூமி இருக்கிறது. கடல் மட்டத்துக்குச் சுமார் 6,000 அடிக்கு மேலே உள்ள வறண்ட பூமி. அதைப் பிளந்துகொண்டு ஆழமான பள்ளத்தாக்குகள் ஓடுகின்றன. குளிர்காலத்தில் அங்கே பனி பெய்யும். கோடையிலோ வெயில் கொளுத்தும். எங்கேயோ இடிமழை பெய்தால் வறண்ட ஓடையில் திடீரென்று வெள்ளம் புரண்டு வரும். ஆகையால் குழந்தைகளை அழைத்துப் போவதற்கு வசந்த காலம்தான் உத்தமம். பனி உருகிய தண்ணீர் பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும். ஓடைக் கரையில் காட்டன்வுட் மரங்கள் தளிர் விட்டிருக்கும். அப்பாவின் முதுகில் சாப்பாட்டு மூட்டை, அம்மாவின் கையில் தண்ணீர், முன்னால் குழந்தைகள். அழகான காட்சிதான்.

இப்போது அந்த ‘வெறும் மண்’ணைக் கொஞ்சம் குனிந்து பார்ப்போம். பாதைக்கு இரண்டு பக்கமும் மண் கறுத்து, பொருக்குத் தட்டினாற்போல் சிறு சிறு மேடுகளாக இருக்கும். அது உயிருள்ள தோல். கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசிகளும், சமையலுக்குக் கல்பாசி என்று கடையில் வாங்குகிறோமே அந்த இனத்தைச் சேர்ந்தவையும் கூடிக் கட்டிய குடித்தனம் அது. நூல் போன்ற இழைகளால் மணலை இறுகப் பிணைத்துக் காற்றில் பறக்காமல் காப்பது அதுதான். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிகளுக்கு ஊட்டுவதும் அதுதான். செருப்புக் காலால் ஒரு தரம் மிதித்தால் நொறுங்கிவிடும். மறுபடி முழுதும் வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஐந்து வயதுப் பையன் இன்று ஓடி விளையாடிய இடம், அவன் பேரன் எடுக்கும் வயதில்கூடப் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

‘வெறும் கல்’லின் கதை இதைவிடப் பெரிது. பள்ளத்தாக்கின் சுவர்களில், மழை படாத பாறைக் குடைவுகளில், கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய வீடுகளும் தானியக் குதிர்களும் இருக்கின்றன. இன்றைய பியூப்லோ மக்களின் மூதாதையர் கட்டியவை. 13ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அவர்கள் தெற்கே குடிபெயர்ந்தார்கள். ஆனால் சுவரில் பூசிய மண்ணில் அவர்களுடைய விரல் தடங்கள் இன்னும் அப்படியே பதிந்திருக்கின்றன. விரல் நீளமே உள்ள சோளக்கதிர்த் தக்கைகளும், வெள்ளையில் கறுப்புக் கோடு தீட்டிய பானை ஓடுகளும் தரையில் கிடக்கின்றன.

இங்கேதான் அடுத்த சமாதானம் வருகிறது. “ஒன்றே ஒன்று! குழந்தை ஆசைப்படுகிறது. இத்தனை ஓட்டில் ஒன்று குறைந்தால் யாருக்கு நஷ்டம்?”

1890களில் இந்தப் பள்ளத்தாக்குகளை ரிச்சர்டு வெதரில் என்ற பண்ணைக்காரர் தோண்டினார். கூடைகளையும் சடலங்களையும் நியூயார்க் பொருட்காட்சிச் சாலைக்கு அனுப்பினார். பானை செய்தவர்களுக்கு முன்பே கூடை முடைந்தவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதைக் கண்டு சொன்னவர் அவர். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. அவராவது எதற்காக எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தார். நம்முடைய சுற்றுலாத் தகப்பனார் எடுக்கும் ஓடு அலமாரி மூலையில் சில மாதம் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். இதைத் தடுக்க 1906இல் ஒரு சட்டமும் 1979இல் இன்னும் கடுமையான ஒரு சட்டமும் வந்தன. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. நம் வீடுகளில் சட்டப் புத்தகத்தைப் படித்தா குழந்தைகளுக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுக்கிறோம்? “பிறத்தியார் வீட்டுக்குப் போனால் சாமான்களில் கை வைக்காதே” என்று தாய் சொல்லுகிறாள். குழந்தை கேட்டுக் கொள்கிறது.

“வீட்டில் ஆள் இருந்தால் சரி, இங்கே ஆளே இல்லையே!” என்பீர்கள். ஆள் இருக்கிறார்கள். முன்னோர்கள் அந்த இடத்தை விட்டுப் போய்விடவில்லை, இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது ஹோப்பி, சூனி மக்களின் நம்பிக்கை. அவர்களும் நவஹோ, யூட் மக்களுமாக ஐந்து பழங்குடி அரசுகள் கேட்டதன் பேரில், 2016இல் ஜனாதிபதி ஒபாமா இந்தப் பகுதியைச் சேர்த்து 13 லட்சம் ஏக்கருக்கு மேல் ‘பேர்ஸ் இயர்ஸ்’ என்ற பெயரில் பாதுகாப்பு நிலமாக்கினார். 2017இல் ஜனாதிபதி டிரம்ப் அதில் சுமார் 85 சதவிகிதத்தை வெட்டினார். 2021இல் ஜனாதிபதி பைடன் திருப்பிச் சேர்த்தார். ஒரு கையெழுத்தில் கொடுத்ததை இன்னொரு கையெழுத்தில் எடுக்க முடிகிறதென்றால் என்ன காரணம்? அது வெறும் பாலைவனம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதுதான் காரணம்.

“அப்படியானால் ஒருவரையும் உள்ளே விடவேண்டாம், வேலி போட்டு அடைத்துவிடுவோம்” என்று இன்னொரு கட்சி புறப்படும். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே யூட்டாவில் கிளென் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு இருந்தது. கொலராடோ நதித் திட்டத்தில் எக்கோ பார்க் என்ற வேறோர் இடத்தைக் காப்பாற்றுவதற்காக, சியரா சங்கத்தின் தலைமை நிர்வாகி டேவிட் பிரவரும் அவருடைய நண்பர்களும் கிளென் கேன்யன் அணைக்கான எதிர்ப்பைக் கைவிட்டார்கள். 1956இல் சட்டம் நிறைவேறிற்று. பேரம் பேசிய காலத்தில் பிரவர் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்ததில்லை. பின்னால் போய்ப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் வருந்தினார். 1963இல் அணையின் கதவுகள் மூடப்பட்டன. பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் போயிற்று. அதே ஆண்டு சியரா சங்கம் அந்த இடத்தின் படங்களைப் புத்தகமாக வெளியிட்டது. ‘யாரும் அறியாத இடம்’ என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். யாரும் அறியாத இடமா? நவஹோக்களும் பையூட்டுகளும் அறிந்த இடம்! காப்பாற்ற வந்தவர்களுக்கே அவர்கள் கண்ணில் படவில்லை.

ஆகவே போகத்தான் வேண்டும். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகவேண்டும். பார்க்காத இடத்துக்காக எவனும் வாதாட வரமாட்டான். ஆனால் விருந்தாளியாகப் போகவேண்டும். வானத்தைப் பார்த்துவிட்டு ஓடை மணலிலும் வெறும் பாறையிலும் காலை வைத்து நடக்கட்டும். கறுப்பு மண்ணில் வேண்டாம். ஓடட்டும், கத்தட்டும், பாறைக் குழித் தண்ணீரை எட்டிப் பார்க்கட்டும். சுவரில் சாய வேண்டாம். அது எழுநூறு வருஷம் நின்ற சுவர். நம்முடைய முதுகுக்காகக் கட்டியது அல்ல.

பானை ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டால் தட்டைப் பாறையின்மேல் கண்காட்சிபோல் அடுக்கி வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அது பெருந்தன்மை என்று அவர்களுக்கு நினைப்பு. ஓடு எந்த இடத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் பாதிக் கதை இருக்கிறது. தாய்மார்கள் வீட்டில் தினமும் சொல்லுகிற வார்த்தையை அங்கேயும் சொன்னால் போதும்: “எடுத்த இடத்திலேயே வை.”