ஒரு பைசா இடிக்குது

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காரைக்குடிதான், வேற எங்க. பெங்களூரில் பொட்டி தட்டுகிற பயலுக்கு வருஷத்தில் ரெண்டு தடவைதான் அந்தக் கொடுப்பினை, தீபாவளிக்கு ஒருதரம், பொங்கலுக்கு ஒருதரம். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன மாப்ளே, அப்படி முழுகிப் போய்ப் படிக்கிறே?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "புரோட்டான் எப்பவாவது சிதையுமான்னு நாற்பது வருஷத்துக்கு மேல தேடுறாங்க மாமா. இன்னும் ஒண்ணுகூடக் கிடைக்கல" என்று சொல்லித் தொலைத்தேன்.

மாமா வங்கி மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். வராக்கடன் வாடை அடித்தாலே முகம் மாறிவிடும். "நாற்பது வருஷம் காசைக் கொட்டி ஒண்ணும் வரலேன்னா ரைட் ஆஃப் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்குத்தான் நம்ம தேனிப் பக்கம் மலையைக் குடையணும்னு நின்னாங்களா?"

அந்த நேரத்துக்கு ஏதோ உளறிவிட்டு எழுந்து போய்விட்டேன். ராத்திரி பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று புரிந்தது. எப்பவும் அப்படித்தானே, பதில் எல்லாம் பஸ் ஏறின பிறகுதான் வரும் :-)

முதலில் எங்க ஐயா கதை. (தாத்தாவை எங்க பக்கம் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.) அவர் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஐந்தொகை போடும்போது ஒரு பைசா இடித்தாலும் அன்றைக்கு வீட்டுக்கு வரமாட்டாராம். அப்பத்தா, "அந்த ஒரு பைசாவைக் கையிலேருந்து போட்டுட்டு வர வேண்டியதுதானே" என்று கத்துவாள். ஐயா சொல்வாராம்: "ஒரு பைசா இடிக்குதுன்னா ஒரு பைசாதான் தப்புன்னு அர்த்தமா? ஒரு பக்கம் நூறு ரூபா கூட எழுதி, அதே பக்கத்துல வேற இடத்துல தொண்ணூத்தொம்பது ரூபா தொண்ணூத்தொம்பது பைசா விட்டுப்போயிருந்தாலும் ஒரு பைசாதான் இடிக்கும்."

இயற்பியல்காரர்கள் அபூர்வச் சிதைவுகளைத் தேடுவதும் இதே வேலைதான். அவர்களிடம் ஸ்டாண்டர்ட் மாடல் என்று ஒரு பேரேடு இருக்கிறது. எந்தத் துகள் எப்படிச் சிதையும், லட்சத்தில் எத்தனை தடவை சிதையும் என்று அது கணக்குச் சொல்லும். நமக்கு இதுவரை தெரியாத கனமான துகள் ஒன்று இருந்தால், அதை உருவாக்கும் சக்தி நம் இயந்திரங்களுக்கு இல்லாமல் போகலாம். ஆனாலும் கடைப்பக்கமே வராத பங்குதாரர் மாதிரி, அது வரவு செலவில் லேசாகக் கை வைக்கும். அடிக்கடி நடக்கும் சிதைவில் அது தெரியாது, லட்சக்கணக்கில் புரளும் பேரேட்டில் ஒரு பைசா என்ன தெரியும்? ஆனால் உண்டியலில் இருக்க வேண்டியதே ரெண்டு பைசா என்றால், மூணாவது பைசா பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால்தான் அபூர்வமான சிதைவாகப் பார்த்துப் போகிறார்கள்.

எவ்வளவு அபூர்வம்? ஜெனீவா பக்கத்தில் இருக்கிற செர்னில் என்.ஏ.62 என்று ஒரு சோதனை. கேயான் என்ற துகள் ஒரு பயானாகவும் இரண்டு நியூட்ரினோவாகவும் சிதைவதைத் தேடினார்கள். பத்தாயிரம் கோடி கேயானில் சுமார் 8 இப்படிச் சிதைய வேண்டும் என்பது பேரேட்டுக் கணக்கு. 2016 முதல் 2022 வரை சேர்த்த டேட்டாவில் கிடைத்தது 51 நிகழ்வுகள், அதிலும் 18 போலியாக இருக்கும் என்று அவர்களே கழித்துக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் சொன்ன விடை: பத்தாயிரம் கோடிக்கு 13, மூன்று கூடக் குறைய இருக்கலாம். இடிக்குதா என்றால், இடிக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. இன்னும் எண்ண வேண்டும்.

ஜப்பானில் ட்சுகுபாவில் இருக்கும் பெல்-2 சோதனையில் நம்ம சென்னை ஐ.ஐ.டி.க்காரர்களும் இருக்கிறார்கள். பி மேசான் சிதைந்து ஒரு கேயானும் இரண்டு நியூட்ரினோவும் வருவது பத்து லட்சத்தில் 5 சொச்சம் இருக்க வேண்டிய இடத்தில், 2023-ல் அவர்களுக்கு 23 வந்தது. பிழை வரம்பு பெரிசு, ஏழு கூடக் குறைய. அதனால் யாரும் குதிக்கவில்லை.

குதித்தவர்கள் பட்ட கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 2021 மார்ச்சில் செர்னின் எல்.எச்.சி.பி. குழு, சில சிதைவுகளில் எலக்ட்ரானும் மியூவானும் சமமாக வரவில்லை என்று அறிவித்தது. உலகப் பத்திரிகை எல்லாம் புது விசை, புது இயற்பியல் என்று எழுதித் தள்ளின. 2022 டிசம்பரில் அதே குழு வந்து, எலக்ட்ரான் என்று எண்ணியதில் சில வேறு துகள்கள் கலந்துவிட்டன, திருத்திப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கிறது என்றது. நம்ம வேலையில் தான் எழுதின பக்கைத் தானே கண்டுபிடித்து, ஊர் அறியச் சொல்கிறவன் எத்தனை பேர்? எனக்கு அந்த இரண்டாவது அறிவிப்புதான் பெரிய செய்தி.

சரி, மாமா கேட்ட புரோட்டானுக்கு வருவோம். இங்கே பேரேட்டில் எழுதியிருக்கும் தொகையே பூஜ்யம். ஸ்டாண்டர்ட் மாடல் கணக்குப்படி புரோட்டான் சிதைவதை எதிர்பார்க்கவே வேண்டாம். ஆனால் 1974-ல் ஜார்ஜி, கிளாஷோ என்ற இருவர் விசைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கோட்பாடு போட்டார்கள். அதன்படி புரோட்டானுக்கும் ஆயுள் உண்டு. அதிகபட்சம் ஒன்றுக்குப் பின்னால் 31 சைபர் போட்டால் வருகிற வருஷக் கணக்கு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி வருஷம்தான், அவ்வளவு நாள் யார் காத்திருப்பது? ஆனால் ஒன்றை அவ்வளவு நாள் பார்ப்பதும், அவ்வளவு எண்ணிக்கையை ஒரு வருஷம் பார்ப்பதும் ஒன்றுதானே. 140 டன் இரும்பில் புரோட்டானும் நியூட்ரானுமாகச் சுமார் 8-க்குப் பின்னால் 31 சைபர் போட்ட அளவு இருக்கிறது. அந்த ஆயுள் உண்மையானால் வருஷத்துக்கு எட்டு சிதைய வேண்டும்.

ஏன் 140 டன் என்கிறேன் என்றால், உலகில் இதற்கென்றே கட்டிய முதல் சோதனைகளில் ஒன்றின் எடை அது. நடந்த இடம் நம்ம கோலார் தங்க வயல். கே.ஜி.எஃப். என்றால் இப்போது யஷ் நடித்த படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது, என்ன செய்ய. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பான்காரர்களும் சேர்ந்து 1980-ல் தொடங்கினார்கள். 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இரும்புத் தகடுகளும் அவற்றுக்கு நடுவே துகள் உணரும் கவுன்ட்டர்களும். அத்தனை ஆழம் எதற்கு? உள்ளங்கையை விரியுங்கள். விநாடிக்கு ஒரு மியூவான் வானத்திலிருந்து வந்து அதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த மழையில் ஒரு புரோட்டானின் சாவு தெரியாது. மேலே மலையோ மண்ணோ கிலோமீட்டர் கணக்கில் குடை பிடிக்க வேண்டும்.

அந்தக் குழிக்கு அதற்கு முன்பே பெருமை உண்டு. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பார்த்த இரண்டு இடங்களில் கோலார் ஒன்று, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் மற்றது. இரண்டும் 1965.

1981-ல் கோலார் குழு, சிதைவு போலத் தெரிகிற சில நிகழ்வுகளை வெளியிட்டது. "கண்டுபிடித்துவிட்டோம்" என்று எழுதவில்லை, "இப்படியும் இருக்கலாம்" என்றுதான். அமெரிக்காவில் உப்புச் சுரங்கத்துக்குள் ஆயிரக்கணக்கான டன் தண்ணீரை வைத்து ஐ.எம்.பி. சோதனை 1982-ல் தொடங்கியது. ஜப்பானில் 3,000 டன் தண்ணீருடன் காமியோகாண்டே 1983-ல். இவ்வளவு பெரிய தொட்டிகளிலும் ஒன்றும் இல்லை. ஜார்ஜி-கிளாஷோ கோட்பாட்டின் எளிய வடிவம் அதோடு செத்தது. இன்று சூப்பர் காமியோகாண்டேவின் 50,000 டன் தொட்டி சொல்கிற கணக்கு: ஒரு முக்கியமான சிதைவு வகையில் புரோட்டானின் ஆயுள் குறைந்தது 2.4-ஐ ஒன்றுக்குப் பின் 34 சைபரால் பெருக்கிய வருஷங்கள். உங்கள் உடம்பில் இருக்கும் அத்தனை புரோட்டானையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று சிதைய பத்து லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும்.

"அப்ப ஒண்ணும் கிடைக்கலேங்கிறது உறுதியாச்சு, அதானே?" என்பார் மாமா. கிடைக்கவில்லை என்பதுதான் கிடைத்தது மாமா. உலகமே நம்பிய அழகான கோட்பாட்டை ஒரு தொட்டித் தண்ணீர் தப்பு என்று சொன்னது. இன்னொன்றும் நடந்தது. 1987 பிப்ரவரியில் பக்கத்து நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது அதன் நியூட்ரினோக்களைப் பிடித்தவை புரோட்டானுக்காகக் காத்திருந்த இதே காமியோகாண்டேவும் ஐ.எம்.பி.யும்தான். 2002-ல் கோஷிபாவுக்கும், நியூட்ரினோ வகை மாறுவதைக் காட்டியதற்காக 2015-ல் கஜிடாவுக்கும் நோபல். ஒரு விருந்தாளிக்காக வாசலில் விளக்கேற்றி வைத்தார்கள், வேறொருவர் வந்து கதவைத் தட்டினார். விளக்கு எரிந்ததால்தான் வந்தது தெரிந்தது.

நம்ம விளக்கு என்ன ஆச்சு? அதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

என் டீமில் ஒரு நண்பன் கே.ஜி.எஃப்.காரன். அவன் தாத்தா சுரங்கத் தொழிலாளி. அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். போன வருஷம் ஒரு சனிக்கிழமை அவனோடு போயிருந்தேன். சயனைடு மேடுகள், பூட்டிய கேட், துருப்பிடித்த இரும்பு. தங்கம் கட்டுப்படியாகவில்லை என்று ஆழப் பகுதிகளை மூட ஆரம்பித்ததும் 1990களின் தொடக்கத்தில் சோதனைகள் நின்றன. 2001 பிப்ரவரி 28-ல் மொத்தச் சுரங்கமும் மூடப்பட்டது. பம்ப் நின்றது, தண்ணீர் ஏறியது. "தங்கம் கொறைஞ்சதும் குழியையும் விட்டாங்க, எங்களையும் விட்டாங்க மச்சி" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இருந்த குழி முழுகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் புதுக் குழிக்கு இடம் தேட ஆரம்பித்தோம். முதலில் நீலகிரி சிங்காரா, புலிகள் நடமாட்டத்தைச் சொல்லி 2009-ல் மறுத்துவிட்டார்கள். பிறகு தேனி பொட்டிப்புரம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் தந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. நியூட்ரினோவுக்காகத்தான் அந்தக் குகை என்றாலும், அங்கே வெள்ளீயம்-124 அணுவில் நியூட்ரினோவே வெளிவராத இரட்டை பீட்டா சிதைவைத் தேடவும் திட்டம் இருந்தது. டின்-டின் என்று பெயர். அதுவும் ஒரு "ஒரு பைசா" கணக்கு. ஒன்று கிடைத்தாலும் பேரேட்டைத் திருத்தி எழுத வேண்டும்.

என் கருத்து ரெண்டு பக்கத்துக்கும் பிடிக்காது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்று கிளப்பிய பயம் தப்பு. அது ஆய்வகம் இல்லாவிட்டாலும் நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மலையில் வெடி வைத்தால் தண்ணி என்ன ஆகும், காடு என்ன ஆகும் என்று பொட்டிப்புரத்து ஆள் கேட்டது தப்பே இல்லை. அதை விளக்க, இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே போயிருக்க வேண்டும். எல்லாம் முடிவான பிறகு போய்ப் புரிய வைக்கிறேன் என்று நின்றால் யார் கேட்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேலே, தோண்டி முடித்த குழி ஒன்றைக் கையில் வைத்திருந்த நாடு அதைக் காப்பாற்றியிருந்தால், இத்தனை சண்டைக்கு அவசியம் வந்திருக்குமா? பம்ப் ஓட்டும் செலவு பெரிசுதான், தெரியும். தங்கம் எத்தனை கிராம் என்று பார்க்கிற கணக்கில் அந்தச் செலவு நட்டமாகத்தான் தெரியும். வேறு கணக்கு நம்மிடம் இல்லை.

இல்லையென்று சொல்ல முடியுமா? எங்க ஊரிலேயே சிக்ரி இருக்கிறது. வட்டிக் கணக்குக்குப் பேர்போன ஊரில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14 பொங்கலன்று திறந்தார்கள். மின்வேதியியல் பயன் தருகிற ஆராய்ச்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொடுக்கிற அன்றைக்கு, எந்தச் சோதனை எந்த வருஷம் என்ன தரும் என்று அவருக்கு யார் எழுதிக் கொடுத்தது?

ஊருக்கு வந்து சேர்ந்ததும் மாமாவுக்குப் போன் போட்டு ஐயாவின் ஒரு பைசாவை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிடா. ஆனா வருஷா வருஷம் கணக்கு காமிக்கணும். ஒண்ணும் இல்லேன்னாலும் ஒண்ணும் இல்லேன்னு எழுதிக் காமிக்கணும். தமிழ்ல" என்றார்.

நியாயம்தான். மதுரையில் 85 டன் இரும்போடு ஒரு சின்ன மாதிரிக் கருவி 2018 முதல் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து ரெண்டு மணி நேரம். அடுத்த தீபாவளிக்கு, அனுமதி கிடைத்தால் மாமாவைக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று இருக்கிறேன்.

டிஸ்கி: ஐயாவின் அந்த ஒரு பைசா கடைசியில் கிடைத்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பத்தாவைக் கேட்டேன். "அவரு வீட்டுக்கு வந்தாருல்ல, அப்ப கிடைச்சிருக்கும்" என்றாள்.