மண்சாலையும் நம் பொறுப்பும்

சாலை வேண்டுமென்று மனுக் கொடுப்பதில் நமக்குள்ள ஊக்கம், போட்ட சாலையைப் பேணுவதில் இல்லை. அங்கத்தினர்கள் இதைக் குற்றச்சாட்டாகக் கொள்ளலாகாது. இதை எழுதுபவனும் அத்தகைய மனுக்களில் கையொப்பமிட்டவனே.

மண்சாலையைக் கெடுப்பது வண்டிச் சக்கரம் என்று பலர் கருதுகின்றனர். சக்கரம் தடம் பதிப்பது உண்மை. ஆயினும், அத்தடத்தில் தேங்கும் நீரே சாலையைக் கரைக்கிறது. ஆகையால் சாலையின் நடு உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருத்தல் வேண்டும். 3 மீட்டர் அகலமுள்ள சாலையில் நடுப்பகுதி 6 சென்டிமீட்டராவது உயர்ந்திருந்தால் மழைநீர் தங்காது வடியும். வடிந்த நீர் ஓடுவதற்குப் பக்க வாய்க்கால் வேண்டும்.

எங்கள் ஊரில் நடப்பது என்ன? பள்ளங்களில் தேங்கிய நீரை வடிக்காமலே கிராவல் கொட்டப்படுகிறது. அடுத்த மழையில் அது சேறாகிறது. பக்க வாய்க்காலோ, ஆண்டுக்கு ஒரு சாணாக வரப்பைத் தள்ளிப் போட்டவர்களின் வயலுக்குள் மறைந்துவிட்டது. அவர்களும் நம் அங்கத்தினர்களே! இறைப்பு நீருக்காகச் சாலையைக் குறுக்கே வெட்டிவிட்டு, மூடாமற் போகிறவர்களும் உண்டு.

1896-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டேவிட் வார்ட் கிங் என்னும் விவசாயி, இரண்டு மரக்கட்டைகளை இணைத்துக் குதிரைகளைப் பூட்டி, மழை விட்டபின் ஈரம் காயுமுன் தம் பண்ணையருகே சாலையில் இழுத்தார். சற்றே சாய்வாக இழுத்ததால் ஓரத்து மண் நடுவில் சேர்ந்தது, தடங்கள் மூடின, வெயில் பட்டு மண் இறுகியது. மழைதோறும் இதையே செய்துவந்தார். பின்னர் இம்முறை அந்நாட்டின் பல பகுதிகளிலும் பரவியது. வயலில் பரம்படிக்கும் நமக்கு இது புதுமையன்று. இன்று குதிரைக்குப் பதில் டிராக்டர் இருக்கிறது.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊர்ச் சாலைகளைப் பேணுவது கிராம ஊராட்சியின் கடமை. ஆகஸ்டு 15-இல் கூடும் கிராம சபையிலேயே வாய்க்கால் தூர்வாரத் தீர்மானம் கோர வேண்டும். அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டம்வரை காத்திருந்தால் வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிடும். பாவு வந்து சேராமல் தறி நின்றால் நெசவாளிக்கு அன்றைய கூலி இல்லை; வண்டி குலுங்கிக் கன்றிய வாழைத்தாருக்கு விலையும் இல்லை. மழைக்காலம் முழுவதும் மண்வெட்டியுடன் ஓர் ஆளைச் சாலைக்கென அமர்த்த, சங்கத்தின் பொது நல நிதியில் இடமுண்டா என்று வருகிற மகாசபையில் கேட்க எண்ணியுள்ளேன். வரப்பைத் தள்ளிப் போட்டவர்களும் அன்று அவசியம் வருகை தர வேண்டும்.