காடு காய்ந்தால் யார் வயிறு காயும்?



விடியுமுன்னே கம்பம் மெட்டுக்கும் போடி மெட்டுக்கும் குமுளிக்கும் ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் உட்காருகிற வண்டியில் இருபது பேர். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள். பெரும்பாலும் நம்ம தெருப் பெண்கள். 2024 கோடையில் இடுக்கி மலையில் மாதக்கணக்கில் மழையில்லை. ஏலச்செடி நின்ற இடத்திலேயே கருகியது. அடுத்த பருவத்துக் காயும் அதோடு போனது. போடி ஏல மையத்து விலையைப் பத்திரிகைகள் எழுதின. எத்தனை பேருக்குக் கூலி போச்சு என்று எவரும் எண்ணவில்லை.

மழைக்காட்டுக்கு வறட்சி என்ன செய்யும்? பச்சைப் பசேலென்று நிற்கிற காட்டுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். பிரேசிலில், அமேசான் காட்டில் கஷிவானா என்ற இடத்தில், ஒரு ஹெக்டேர் காட்டுக்குள் 2002 முதல் தகடு போட்டு, விழுகிற மழையில் பாதியைத் தரைக்குப் போகவிடாமல் தடுத்துப் பார்த்தார்கள். முதல் ஓரிரு வருசம் காடு தாக்குப்பிடித்தது. பிறகு சாக ஆரம்பித்தது. முதலில் விழுந்தது நோஞ்சான் கன்றுகள் அல்ல, வானத்தைத் தொட்டு நின்ற பெருமரங்கள். உச்சிக்கிளை வரை நீரை இழுக்கும் குழாய்களில் காற்றுக்குமிழி புகுந்துவிடுகிறது. அப்புறம் தண்ணி ஏறாது. நின்றபடியே மரம் செத்துப்போகும்.

பெருமரம் விழுந்தால் கூரையில் ஓட்டை. அதன்வழி வெயில் இறங்கும். தரையில் எப்போதும் நனைந்து கிடக்கும் சருகு காயும். பிறகு தீ வரும். மழைக்காட்டு மரத்துக்குப் பட்டை மெலிசு. தீயைப் பழகாத மரம் அது. சின்னத் தீக்கே சாகும். 2023-லும் 2024-லும் மனாஸ் நகரை ஒட்டி ஓடும் ரியோ நீக்ரோ, நூறாண்டுக்கும் மேலான பதிவில் இல்லாத அளவுக்கு வற்றியது. அமேசான் காடும் எரிந்தது.

நமக்குத் தீயைப் பற்றிப் பிரேசில் சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அடுத்த வருசம், 2018 மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போனவர்களில் 23 பேர் செத்தார்கள். எரிந்தது காய்ந்த புல்சரிவு, மழைக்காடு இல்லை. ஆனால் அந்தப் புல்லுக்குப் பக்கத்தில்தான் சோலை நிற்கிறது. ஈரம் இருக்கிறவரை சோலை ஓரத்தில் தீ அணைந்துபோகும். வறட்சி நீண்டால் அந்த ஈரவேலி இல்லை.

இதில் நம் பள்ளத்தாக்குக்கு என்ன? பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம், சரி. 1895 முதல் அந்த அணைக்கு மழையைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுவது மேலே நிற்கிற காடு. வைகை பிறக்கிற வருசநாட்டு மலைக்கும் அதே கதை. இன்னொன்றும் உண்டு. 2018-இல் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் தென்மேற்குப் பருவமழையில் கணிசமான பங்கு ஈரம், மேற்குமலைக் காடுகள் மூச்சுவிடுவதால் வருகிறது. மழை குறைந்த வருசங்களில் அது பாதியைத் தொடும். மழையால் காடு என்று படித்தோம். காட்டால் மழை என்பதும் உண்மை. ஒன்று செத்தால் மற்றதும் சாகும்.

இப்போது பழி யார் தலையில்? காடு கெட்டால் உடனே விரல் நீளுவது விறகு பொறுக்குகிறவள் மேல், தேனெடுக்கிற பளியர் மேல், மாடு மேய்க்கிறவன் மேல். தோட்டத்தில் விளைச்சல் கூட வேண்டுமென்று நிழல்மரக் கிளையைக் கழித்துத் தள்ளுகிறார்களே, அது யார் உத்தரவு? மரத்தில் ஏறி வெட்டுகிற கை நம் ஆளுடையது. வெட்டச் சொல்கிற வாய் வேறு. கூலிக்கு வெட்டியவனே பிறகு நிழலில்லாத வெயிலில் வேலை செய்கிறான். அப்புறம் வேலையும் இழக்கிறான்.

வங்கியில் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்குகிறவன் நான். பயிர்க்கடன் படிவத்தில் சர்வே எண் கேட்கும் கட்டம் உண்டு. கூலிநாள் கேட்கும் கட்டம் இல்லை. 2024 கோடையில் கம்மலை அடகு வைக்க வந்த சின்னம்மா ஒருத்தி கேட்டாள்: "ஏப்பா, செடி காஞ்சவுகளுக்கு ஏதோ குடுக்காகளாமே, வேலை காஞ்சவுகளுக்கு இல்லையா?" எடைபோடும் தராசைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பதில் இல்லை.

2017 வறட்சியில் நூறுநாள் வேலையை 150 நாளாக்கினார்கள். அது நல்லதுதான். ஆனால் எல்லை தாண்டிப் போய் உழைக்கிறவளின் இழப்பு இரு மாநிலக் கணக்கிலும் வருவதில்லை. வறட்சி நிவாரணம் என்றால் பட்டாவோடு கூலியும் கணக்கில் வர வேண்டும். 2006 வன உரிமைச் சட்டப்படி பளியருக்குச் சேரவேண்டிய உரிமையைக் கொடுத்து, காட்டைக் காக்கிற வேலையிலும் அவர்கள் சொல்லுக்கு இடம் வேண்டும். நிழல்மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லுகிறபோது, வெட்டியவனைப் பிடிக்காமல் வெட்டச் சொன்னவனைப் பிடிக்க வேண்டும்.

காட்டைக் காப்பாற்று என்பது படித்தவர்களின் பொழுதுபோக்குக் கோசம் என்று நம்மில் சிலர் ஒதுங்கிக்கொள்கிறோம். ஒதுங்க முடியாது தோழர்களே. மேலே பெருமரம் சாய்ந்தால், கீழே நம் தெருவில் அடுப்பு அணையும்.