மொழி மாறும் மாணவனும் மாறாத ஆசானும்

மலேசியப் பல்கலைக்கழகங்களை நாடிச் சீனம், இந்தோனேசியா, வங்காளதேசம், பாகிஸ்தான், ஏமன் முதலிய நாடுகளிலிருந்து மாணவர் வந்தவண்ணம் உள்ளனர். பேராக் மாநிலத்திலேயே கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கந்தாரிலும் எழுந்துள்ள வளாகங்களில் அவர்களைக் காணலாம். ஈயம் தோண்டிய மண்ணில் இன்று பட்டம் விளைகின்றது, மகிழத்தக்கதே. அம்மாணவன் வாயிலில் அடியெடுத்து வைக்குமுன் அவனுடைய ஆங்கிலம் நிறுக்கப்படுகின்றது. தேர்வெழுதிச் சான்று காட்ட வேண்டும். சான்று போதாதெனில் மொழி வகுப்பில் அமர வேண்டும். இதில் தவறில்லை. ஆனால், அவனுக்குப் பாடம் சொல்லப்போகும் விரிவுரையாளர் எந்தத் தராசில் நிறுக்கப்படுகின்றார்? முனைவர் பட்டம் உண்டா, ஆய்வுக் கட்டுரை உண்டா என்று கேட்கின்றனர். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் பயின்று, மூன்றாம் மொழியில் பாடம் கேட்க வருபவனுக்குக் கற்பிக்கத் தெரியுமா என்று கேட்பார் இலர். புதிய விரிவுரையாளர்க்குச் சில நாள் பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் உள்ளனவே எனலாம். உள்ளன. திரையில் படம் காட்டவும் மதிப்பெண் படிவம் நிரப்பவும் அறிவது பயிற்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று.

இக்குறை அயல்நாட்டு மாணவனோடு பிறந்ததன்று. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை மூன்று தலைமுறையாக இதனை அறிவான். நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; அவற்றுள் 130க்கு மேற்பட்டவை பேராக்கில் இருக்கின்றன. ஆனால், தமிழ்வழி இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆறாண்டு தமிழில் கணக்கும் அறிவியலும் படித்தவன் ஏழாம் ஆண்டில் வேறு மொழிக்குக் கடந்தே ஆகவேண்டும். அக்கடப்புக்கென அமைந்ததே ‘ரிமூவ்’ என்று வழங்கிய புகுமுக வகுப்பு. முன்னர் ஆங்கிலவழிக் கல்விக்கு அது பாலமாக இருந்தது. 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலவழிப் பள்ளிகள் மலாய்வழிக்கு மாறிய பின்னர், அப்பாலம் மலாய்க் கரைக்குத் திருப்பப்பட்டது.

பாலம் என்னும் சொல்லே ஏமாற்றுவது. பாலத்திற்கு இரு கரையிலும் தூண் வேண்டும். மாணவனிடம் ஓராண்டு கேட்டனர். தன் வயதொத்தவர் படிவம் ஒன்றில் அமர்ந்திருக்க, அவன் பின்தங்கி நின்று அந்த ஓராண்டைக் கொடுத்தான். மறுகரையில் நின்ற ஆசிரியரிடம் ஒரு வாரமேனும் கேட்டனரா? தமிழிலிருந்து வரும் பிள்ளை எதனை அறிந்து வருகின்றான், எதற்குச் சொல்லின்றித் திகைக்கின்றான் என்று உணரும் பயிற்சி கணக்காசிரியர்க்கும் அறிவியலாசிரியர்க்கும் கட்டாயமாக்கப்பட்டிருந்தால், பின்வரிசைப் பிள்ளைகள் என்னும் பெயர் தோட்டத்துப் பிள்ளைகள்மேல் அவ்வளவு எளிதாக ஒட்டியிராது. கட்டடத்தை முதலிலும் ஆசிரியரைக் கடைசியிலும் எண்ணுவது பழைய வழக்கம். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது; பயிற்சி பெற்ற ஆசிரியர் வரவில்லை. பல தோட்டங்களில் கங்காணியும் கிராணியுமே ஆசான்களாக அமர்ந்தனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கூர்ந்து நோக்கலாம். தமிழ்ப்பள்ளி மாணவன் பின்னம் படித்திருக்கின்றான். அரையோடு காலைக் கூட்டுவான். முக்காலிலிருந்து அரையைக் கழிப்பான். இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ‘பெச்சாஹான்’ என்கின்றார்; அவன் விழிக்கின்றான். பின்னம் அறியாதவன் என்று அன்றே முத்திரை விழுகின்றது. அவன் அறியாதது ஒரு சொல்லே. ‘பெச்சா’ என்றால் மலாயில் உடைதல். கடையில் குவளை உடைந்தபோது அச்சொல்லை அவன் கேட்டேயிருப்பான். தமிழில் வழங்கும் ‘பின்னம்’ வடமொழி வழி வந்தது. அதற்கும் உடைந்தது என்பதே பொருள். சிலை பின்னப்பட்டது என்பது கோயில் வழக்கன்றோ? ஆங்கிலத்தின் ‘ஃபிராக்‌ஷன்’ என்பதும் உடைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்ததே. மூன்று மொழியிலும் உடைந்தது ஒன்றே! இதனைக் காட்டியிருந்தால் ஒரு மணித்துளியில் அவன் தன் பழைய அறிவைப் புதிய சொல்லுக்குள் ஊற்றிக்கொண்டிருப்பான். காட்டுவதற்கு ஆசிரியர்க்குத் தமிழ்ப்புலமை வேண்டியதில்லை. “உன் பள்ளியில் இதனை எவ்வாறு சொன்னார்கள்?” என்று கேட்கும் பழக்கம் வேண்டும். அப்பழக்கம் பயிற்சியால் வருவது.

இன்னொரு மயக்கம் இதனினும் கொடியது. பிள்ளை கடையிலும் பேருந்திலும் மலாய் பேசுகின்றான். அதைக் கேட்ட ஆசிரியர், மொழி வந்துவிட்டது, அறிவுதான் வரவில்லை என்று முடிவு கட்டுகின்றார். பாசார் மலாய் வேறு. பாடநூல் மலாய் வேறு. தேர்வுத்தாளில் ‘ஞாத்தாக்கான்’ என்றால் குறிப்பிட்டால் போதும். ‘ஹுராய்க்கான்’ என்றால் விரித்துரைக்க வேண்டும். இவ்வேறுபாடு சந்தையில் கிடைப்பதில்லை. கனடாவின் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் உரையாடல் மொழியையும் பாடமொழியையும் பிரித்துக் காட்டினார். உரையாடல் ஏறக்குறைய ஈராண்டில் கைவரலாம்; பாடமொழியில் உடன்மாணவரை எட்ட ஐந்து முதல் ஏழாண்டு செல்லும் என்பது அவர் ஆய்வு காட்டிய அளவு. அவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால், புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்தவனும், ஆங்கிலச் சான்றிதழோடு கம்பாரில் வந்திறங்கும் அயல்நாட்டு மாணவனும் இன்னும் வழியிடையே நிற்பவர்கள். தமிழில் தொடங்கி, மலாய்வழி பயின்று, ஆங்கிலவழிப் பல்கலைக்கழகம் புகும் ஈப்போ மாணவனோ இருமுறை ஆறு கடப்பவன். இவர்களைக் கரையேறியவர்களாக வைத்துக்கொண்டு விரிவுரை நடக்கின்றது.

பயிற்சிக்குப் பணமில்லை, காலமில்லை என்பர். 2003இல் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, தமிழ்ப்பள்ளிகள் உட்பட நாடெங்கும் ஆசிரியர்க்குப் பயிற்சி நடந்தது, மடிக்கணினி வந்தது, ஊக்கத்தொகையும் வந்தது. அரசு வேண்டுமென்று நினைத்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. எனினும், அப்பயிற்சி பெரிதும் ஆசிரியரின் ஆங்கிலத்தைச் செப்பனிடவே முனைந்தது. மொழி மாறிய பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கின்றது என்பதை அது போதிய அளவு தொடவில்லை. 2009இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது.

“பொறியியல் கற்பிக்க வந்தவன் யான், மொழி கற்பிப்பது என் வேலையன்று” என்னும் குரல் உயர்கல்விக் கூடங்களில் ஓங்கி ஒலிக்கின்றது. பொறியியலை எதனால் கற்பிக்கின்றார்? சொல்லால் அன்றோ? மொழி வளர்ச்சி எல்லாப் பாட ஆசிரியர்க்கும் உரிய கடமை என்று இங்கிலாந்தின் புல்லக் குழு 1975இலேயே அறிக்கை தந்தது. எல்லார்க்கும் ஒரே பாடம், ஒரே நூல். இதனினும் நீதி உண்டோ என்பார், 1974இல் சான் பிரான்சிஸ்கோ நகரச் சீன மாணவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நோக்குக. மொழி விளங்காத பிள்ளைக்குப் பிறர்க்களித்த அதே நூலையும் அதே ஆசிரியரையும் அளித்துவிட்டு, சமமாக நடத்தியதாகக் கூறல் ஆகாது என்பது அதன் சாரம். விரும்பி வந்தவன்தானே என்பாரும் உளர். கட்டணம் வாங்கும்பொழுது இப்பேச்சு எழக் காணோம்.

வேண்டும் பயிற்சி பெரும்பொருள் செலவாவதன்று. விரிவுரையாளரை ஒரு மணிநேரம், அவர் அறியாத மொழியில் நடக்கும் அறிவியல் வகுப்பில் அமர்த்துக; முடிவில் அம்மொழியிலேயே அவரிடம் ஒரு வினா விடுக்கப்படட்டும். வாய் திறவாது அமர்ந்திருக்கும் மாணவன் சோம்பேறி அல்லன் என்பது அவ்வொரு மணியில் விளங்கும். பிறகு நுட்பங்களைச் சொல்லலாம்: விரிவுரைக்கு முன்பே கலைச்சொற்களை எழுதிக் கொடுத்தல், வினா விடுத்தபின் சற்றே பொறுத்தல், ஒரே தாய்மொழியினர் இருவர் முதலில் தம் மொழியில் கலந்து பேசிப் பின் பொதுமொழியில் விடை கூற இடமளித்தல். விடைத்தாளில் கருத்துக்கு ஒரு மதிப்பெண், மொழிக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்து இடுதல் எல்லாவற்றினும் இன்றியமையாதது. தரத்தைக் குறைப்பது வேறு. எது தரம் என்று தெளிவது வேறு.

தமிழாசிரியர் உலகமும் இதில் குற்றமற்றதன்று. தமிழ்ப்பள்ளியிலிருந்து கடந்து சென்று விரிவுரையாளராக உயர்ந்தோருள் சிலர், “நாங்கள் கடக்கவில்லையா?” என்று கேட்கின்றனர். கடந்தவர் பேசுகின்றார், மூழ்கியவர் பேச முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போனபின், ஈப்போ நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் வீட்டில் ஆங்கிலமோ மலாயோ கலந்து பேசுவோர் பலர். அப்பிள்ளையின் கலப்புத் தமிழை வகுப்பறையில் எள்ளி நகையாடும் ஆசிரியர், இடைநிலைப்பள்ளி ஆசிரியர்மீது குறைகூற எவ்வாறு வாய் திறப்பார்?

ஆசிரியப் பயிற்சியில் பேராக்கிற்கு நெடிய மரபு உண்டு. 1922இல் தஞ்சோங் மாலிமில் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாயிற்று. உலு கிந்தாவில் ஆசிரியர் கல்விக் கழகத்தின் ஈப்போ வளாகம் இயங்குகின்றது. இடைநிலைப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் கற்பிக்கப்போகும் பயிற்சி மாணவர் எவ்வினத்தவராயினும், சில வாரம் தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் ஆறாம் ஆண்டு வகுப்பைக் கண்டுவர ஏற்பாடு செய்தல் இந்நிறுவனங்களுக்கு அரிதன்று. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கணக்குக்கும் அறிவியலுக்கும் தமிழ், மலாய், ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றை ஆறாம் ஆண்டு ஆசிரியர்களே தொகுத்து, பிள்ளைகள் செல்லும் இடைநிலைப்பள்ளிக்கு ஆண்டிறுதியில் அனுப்பிவைக்கலாம். அதற்கு எந்த அமைச்சின் ஒப்புதலும் தேவையில்லை.