பலூன் இறங்கும் காட்டுக்கும் கணக்கு வேண்டும்

2025 ஜனவரியில் பொள்ளாச்சி பலூன் திருவிழாவில் கிளம்பிய ஒரு பலூன், மாநில எல்லையைத் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்து நெல்வயலில் இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அதே மாதம் அந்தத் திருவிழா மதுரைக்கும் வந்தது. மதுரையில் எழும்பும் பலூனைத் தை மாத வாடை தள்ளினால் அது தெற்கே போகும். ஒரு மணி நேரத்தில் காரியாபட்டி. காற்று வலுத்துப் பயணமும் நீண்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி.

வெப்பக்காற்று பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது. எரிவாயுத் தீயைக் கூட்டியும் குறைத்தும் ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான். போக வேண்டிய திசையில் காற்று வீசும் உயரத்தை விமானி தேடிப் பிடிக்க வேண்டும்.

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அது எளிதல்ல. வெயில் ஏறினால் கரிசல் மண் விறுவிறுவெனச் சூடாகி, காற்று மேலே கிளம்பும். பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் கிடந்தால் அங்கே காற்று குளிர்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே சிக்கிய பலூன் திடீரென மேலேறும், திடீரெனத் தாழும். விடிந்ததும் பறந்து, வெயிலுக்கு முன் தரையிறங்கிவிடுவது அதற்காகத்தான். புழுதி பறக்கும் ஆடிக் காற்றில் பலூன் பேச்சே வேண்டாம்.

தரையிலோ சீமைக்கருவேல முள்ளும் மின்கம்பியும். கமுதி அருகே 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அதன் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கோபுரங்களும் கூடவே வந்தன. கம்பி உரசினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. 2012இல் நியூசிலாந்தின் கார்ட்டர்டனில் 11 பேர் இறந்தார்கள். 2016இல் டெக்சாஸின் லாக்ஹார்ட்டில் மேகமூட்டத்தோடு பறந்த பலூன் கம்பியில் மோதி 16 பேர் இறந்தார்கள்.

தேர்ந்தவர்களுக்கும் இறங்குமிடம் கைவசமில்லை. உலகைச் சுற்றிவரக் கிளம்பிய ஸ்டீவ் ஃபாசெட், எரிபொருள் போதாமல் 1997 ஜனவரியில் உத்தரப்பிரதேசத்தின் சுல்தான்பூர் அருகே இறங்கினார். மறு ஆண்டு இடிமழைப் புயலில் சிக்கிப் பவளக் கடலில் விழுந்து உயிர்தப்பினார். 2022 டிசம்பரில் ஹைதராபாத்திலிருந்து பலூனில் போன ஒரு ஸ்பெயின் நிறுவனத்தின் சோதனைக் கூண்டு விகாராபாத் மாவட்ட வயலில் இறங்கியபோது, என்னவோ ஏதோ என்று ஊரே திரண்டது.

சுற்றுலா வளரட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தை மாதம் மானாவாரிக் காட்டில் சோளம், பருத்தி, மிளகாய், மல்லி என்று வெள்ளாமை வீடு வரும் காலம். பலூன் வந்து படுத்தால், அதைப் பார்க்க ஓடிவரும் கூட்டமும் பின்தொடரும் ஜீப்பும் சேர்ந்து அரைக் குறுக்கத்தை மிதித்துவிடும். சம்சாரி யாரிடம் போய்க் கேட்பார்?

மதுரையில் அடுத்த திருவிழா என்றால், தெற்கே காரியாபட்டி முதல் திருச்சுழி வரை காற்றுப் பாதையில் உள்ள ஊராட்சிகளுக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் முன்தகவல் போக வேண்டும். மின்வாரியத்தின் கம்பித்தட வரைபடம் விமானி கையில் இருக்க வேண்டும். இறங்க உகந்த தரிசுகளை வருவாய்த் துறை முன்பே குறித்துத் தரலாம். பயிர்ச் சேதத்துக்கு எத்தனை நாளில், எந்த அலுவலகத்தில் இழப்பீடு கிடைக்கும் என்பதை டிக்கெட் விலையோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும்.